மேலே தெளிந்த நீர்

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வெயில் முழுவதும் பக்கத்து மேசைக்காரன் மேல்தான் விழுகிறது. கிருமி தாக்கிய செல்கள் மற்ற செல்களை உஷார்படுத்த அனுப்பும் மூலக்கூறை அவன் கண்டுபிடித்துவிட்டான். கேமராக்காரர் அவனையே சுற்றிச் சுற்றி வருகிறார். சோதனைக் குழாயும் கையுமாக சிங்க் ஓரம் ஒதுங்கி நிற்கிறாள், அவனுக்கு மூத்த ஆராய்ச்சிக்காரி. குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றியெடுத்தால் அடியில் படியும் செல்களை வைத்துக்கொண்டு, மேலே தெளியும் நீரைக் கொட்டிவிடுவதுதான் இங்கே வழக்கம். அவளும் வருடக்கணக்காகக் கொட்டினாள். அவன் கொட்டவில்லை, மூலக்கூறு அந்த நீரில்தான் இருந்தது. அவன் பல் தெரியச் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிகிறது. "அக்கா, உங்க குழாய்ல இருக்கற தண்ணிய ஊத்திடாதீங்க, எனக்கு வேணும்." "அதுக்கென்ன தம்பி, எடுத்துக்கோ." அவனையே பார்த்துச் சிரித்தபடி குழாயைச் சாய்க்கிறாள். சிங்க் களக்கென்று விழுங்குகிறது. "அடடா! பழக்க தோஷம்."