துணைக்கு ஒரு மாத்திரை

பதிவேட்டில் ‘நோயாளி’ என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். ‘உடன் வருபவர்’ என்ற கட்டத்தில் மனைவியின் பெயர். அதோடு விட்டாரா என்றால் இல்லை. தலைப்பில் யாரோ வைக்க மறந்திருந்த ஒரு புள்ளியையும் வைத்துவிட்டுத்தான் பேனாவை மூடினார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், கை சும்மா இருக்குமா?

ரத்தப் புற்றுநோய்க்காரர்களும் அவர்கள் வீட்டு மனிதர்களும் சனிக்கிழமைதோறும் கூடிப் பேசுகிற அறை அது. மருத்துவமனையின் மூன்றாவது மாடி. வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலிகள், எல்லார் மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசம். கூட்டத்தை நடத்துகிறவருக்கு டெலிபோன் அக்கா என்று பெயர். முன்பு டெலிபோன் ஆபரேட்டர். இதே நோயோடு மல்லுக்கட்டி மீண்டு வந்து பதினொரு வருஷம் ஆகிறது.

லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. பிழைதிருத்தி படியேறி வந்து, பையை நாற்காலியில் வைத்துவிட்டு, மறுபடி இறங்கிப் போய் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நின்று மூச்சு வாங்கியது மேலே வரை கேட்டது.

அக்காவுக்கு அவளைப் பார்த்ததுமே மனசு கேட்கவில்லை. பள்ளிச் சீருடைக் கடையில் காஜா எடுக்கிற வேலை, அதற்கு மேல் வீடு, அதற்கும் மேல் நோயாளிப் புருஷன். பார்த்துக்கொள்கிறவர்கள் நோயாளிக்கு முன்னால் படுத்துவிடுகிற கதையை அக்கா எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறார். இன்றைக்கு இந்த மனிதருக்கு நாலு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

பிழைதிருத்தியின் முறை வந்தது. அவர் தன் நோயைப் பற்றிப் பேசவே இல்லை, மனைவியைப் பற்றித்தான் பேசினார். இருபத்தெட்டு வருஷத்தில் தனக்கென்று ஒரு டாக்டர் வாசலை அவள் மிதித்ததில்லையாம். காய்ச்சல் என்றால் இழுத்துப் போர்த்திக்கொள்வாள், விடிந்தால் ஊசியும் நூலுமாகக் கிளம்பிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் அவருக்கு ஒன்று என்றதும் கடைக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்தாளாம். பொருத்தம் பார்க்க உன் ரத்தமும் வேண்டும் என்றபோது பேசாமல் கையை நீட்டினாளாம்.

“கூட இருக்கிறவங்களும் துணைக்கு ஒரு சத்து மாத்திரை போடணும்னு டாக்டர் சொன்னாரு. இவ முதல்ல முழுங்கினாத்தான் எனக்குத் தொண்டையில இறங்கும்” என்று முடித்தார்.

“குடுத்து வச்ச ஆளு சார் நீங்க. என் வீட்டுல மாத்திரை போடச் சொன்னா எனக்குத்தான் ரெண்டு போடுவா” என்றார் எதிர் நாற்காலியிலிருந்த லாரி டிரைவர் ஒருவர். பக்கத்திலிருந்த அவர் மனைவி மறுக்கவில்லை.

மணி ஐந்து. பிழைதிருத்தி பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தார். அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இனிமேல் போடப் போவதில்லை என்று நிதானமாகச் சொன்னாள். மூன்று மாதமாகக் குமட்டுகிறதாம், சோறு இறங்கவில்லையாம். துணைக்குப் போடுகிற மாத்திரைதானே, அவர் தனியாகவே போட்டுக்கொள்ளட்டும் என்றாள்.

பிழைதிருத்தி அவளுடைய டப்பாவைத் திறந்தார். இந்த ஒரு வேளையாவது போடுகிறாயா, பாதியாக உடைத்துத் தரட்டுமா, பாலில் கரைத்துத் தரட்டுமா என்று குழந்தையிடம் கெஞ்சுகிற மாதிரி கெஞ்சினார். அவள் அசையவில்லை.

அக்கா இதற்குத்தானே காத்திருந்தார்.

“நீங்க சொல்றதுதாம்மா சரி. உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்க எதுக்கு மாத்திரை முழுங்கணும்? இன்னிக்கே நிறுத்துங்க.”

பிழைதிருத்தி எழுந்தே விட்டார். “அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. தயவுசெஞ்சு சொல்லாதீங்க.”

“சார், உங்க உடம்புக்கு உங்க மாத்திரை. அதை நீங்க போடுங்க. அவங்களை விட்டுடுங்க.”

அவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்து, தன் மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் வாயில் போட்டு விழுங்கினார். தொண்டையில் ஒன்றும் நிற்கவில்லை.

“போட்டுட்டேன். இன்னும் நாலு வேணும்னாலும் போடுறேன். இவ மட்டும் நிறுத்தக் கூடாது.”

“ஏன் நிறுத்தக் கூடாது?” என்று கேட்டார் அக்கா.

பிழைதிருத்தி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். ஊரார் எழுத்திலெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

“சீக்கு இவருக்கு இல்ல, எனக்குத்தான்னு இவர் வாயால ஒரே ஒரு தடவை சொல்லட்டும் அக்கா, போட்டுக்கிறேன்.”