பெட்டிதான் கோளாறு

"பெட்டிதான் கோளாறு! தூக்கிட்டுப் போய்யா!"

தொகாஷி கிழவர் போட்ட சத்தத்தில் நிஷிகவாவின் கையிலிருந்து ஃப்ரிட்ஜ் ஒயர் நழுவியது. பக்கத்தில் நிற்பவனிடம் பேச இத்தனை தொண்டை எதற்கு? கோபே துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர், பழக்கம் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா. வீட்டுல ஏதோ ஒண்ணு கரண்டுல இரைச்சலைக் கலக்குது. ஒவ்வொண்ணா அணைச்சுப் பார்த்தா திருடன் சிக்கிடுவான்."

"திருடன் என் எதிர்லதான் நிக்கிறான்."

இந்த வீட்டுக்கு நிஷிகவா சுமந்து வந்த மூன்றாவது டிஏசி இது. டிஜிட்டலாகக் கிடக்கும் பாட்டைக் காதுக்கேற்ற ஒலியாக மாற்றித் தருகிற பெட்டி. முதலாவதில் குரல் கீச்சிட்டது, அடுத்ததில் அமுங்கியது. இதில் பாடகி எதிரே வந்து நின்றாள். ஆனால் அவள் காலடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கடையில் இருந்தபோது அது இல்லை.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தது கிழவர் அல்ல, அவர் மனைவி சுமியே. மாடியை விட்டு இறங்காத அந்த அம்மாள் போனிலேயே சொல்லிவிட்டாள்: "குரல் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கணும் தம்பி. அவருக்கு ஒரு துணை வேணும்."

இன்றோடு சோதனைக் கெடு முடிகிறது. இந்தப் பெட்டியும் திரும்பி வந்தால் நீ வர வேண்டாம் என்று கடை முதலாளி காலையில் சிரிக்காமல் சொல்லி அனுப்பியிருந்தார்.

நிஷிகவா பெட்டியின் ப்ளக்கைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினான். இரைச்சல் அப்படியே இருந்தது. புது ஒயர் போட்டுப் பார்க்கலாம் என்று, அதன் முனை உறையைச் சூடுகாட்டிச் சுருக்க லைட்டரை எடுத்தான். கிழவர் பாய்ந்து வந்து கையில் ஓர் அடி வைத்தார்.

"வாசல்ல சிவப்பா ஒட்டியிருக்கே, 'தீ கூடாது'ன்னு. கண்ணு அவிஞ்சு போச்சா?"

பூகம்பத் தீயைப் பார்த்த ஊர்க்காரர், பயம் இருக்கத்தான் செய்யும். அடுப்புகூட மின்சார அடுப்புதான். நிஷிகவா லைட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஃப்ரிட்ஜ் நின்றது. சோறு வேகவைக்கும் குக்கர் நின்றது. கழிப்பறை இருக்கையைச் சூடாக்கும் ஒயரையும் பிடுங்கினான்.

"பாட்டு கேக்கிறதுக்காக நான் ஜில்லுனு உக்காரணுமா?"

"பாட்டுக்குச் சுத்தமான கரண்டு வேணும்னு சில பேரு வீட்டு வாசல்ல சொந்தமா மின்கம்பமே நட்டுக்கிறாங்க ஐயா."

"நட்டு, உன்னை அதுலயே கட்டி வைக்கிறேன்."

இரைச்சல் போகவில்லை.

"மேல மாடியில என்ன ஓடுது ஐயா?"

கிழவர் மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றார். "மேல ஒண்ணும் இல்ல. நீ போகக் கூடாது." பிறகு படிப்பக்கம் முகத்தைத் திருப்பி மறுபடியும் கத்தினார். "பெட்டிதான் கோளாறுன்னு சொல்றேன்ல!"

நிஷிகவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாடகி தொடங்கியபோது இதே மனிதர்தான் கண்ணை மூடிக் காலால் தாளம் போட்டார். இப்போதுகூடச் சட்டைக் கையால் பெட்டியின் தலையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பிடித்த பொருளை எவனாவது இப்படி விரட்டுவானா?

"உங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல ஐயா? அப்புறம் ஏன்?"

"எனக்கு வேண்டாம். அவ்வளவுதான். எடு."

அதற்கு மேல் அவனுக்கு வழி தெரியவில்லை. அட்டைப்பெட்டியை இழுத்து வைத்தான். முதலாளி முகம் கண்ணில் வந்து நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்கக் குனிந்தான்.

அப்போது, துணியால் துடைத்து எடுத்தது போல இரைச்சல் நின்றது.

பாடகி அறையின் நடுவே நின்று பாடினாள். அவள் உதடு பிரிவதுகூடக் கேட்டது.

"போச்சு! ஐயா, போச்சு! நான் ஒண்ணுமே பண்ணலையே!" நிஷிகவா சிரித்தே விட்டான்.

கிழவர் சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. செங்குத்தான படிகளில் கையையும் காலையும் ஊன்றித் தடுமாறி ஏறினார். பாதிகூடப் போகவில்லை; மாடியிலிருந்து ஒரு குரல், பாட்டைவிட மெல்லியதாக, விட்டுவிட்டு இறங்கி வந்தது.

"என் மூச்சு மெஷினை நிறுத்திட்டேங்க... இப்ப நல்லா கேக்குதா?"