கிழக்கு எந்தப் பக்கம்?

“பிரிக்காதீங்கக்கா! அதுல என்ன எழுதியிருக்கோ, பயமா இருக்கு.”

மேசையின் தலைப்பக்கம் குழுத் தலைவி. அவருக்கு வலப்புறம், அப்படி அலறிய கணினிக்காரர். ஜன்னலோரம் படம் வரைபவள்; ஒவ்வொரு புள்ளியையும் நோண்டுவதால் அவள் பெயரே ‘புள்ளி’. கதவருகே, பதிலை வாங்கிப்போகக் காத்திருக்கும் கூரியர்காரர். நடுவில், அவர் கொண்டுவந்த உறை.

அனுப்பியவர் பெரியவர். இந்தத் துறையில் அவர் வைத்ததே சட்டம். எதையும் காகிதத்தில்தான் எழுதுவார்.

வேறொரு சூரியனைச் சுற்றும் ராட்சதக் கோள் அது. தன் சூரியனுக்குப் பின்னால் அது மெல்ல மறைவதை விண்வெளித் தொலைநோக்கியில் அளந்து, அதன் காற்றுமண்டலம் எங்கே கொதிக்கிறது என்று இரு குழுக்களும் படம் வரைந்திருந்தன. பெரியவர் படத்தில் கொதிப்பு கிழக்கே. இவர்கள் படத்தில் மேற்கே.

“போன வாரம் ‘படத்தைத் திருத்துங்கள்’னு மிரட்டினார். இது ரெண்டாவது கடிதம்,” என்றார் கணினிக்காரர். “நாளைக்குத் தொலைநோக்கி நேரம் ஒதுக்கறதும் அவர்தான். கிடைக்கலைன்னா மூணு பேரும் மூட்டை கட்டவேண்டியதுதான்.”

“நான் மூணு தடவை பார்த்துட்டேன். நம்ம படம் சரி,” என்றாள் புள்ளி. “வானத்தை அண்ணாந்து பார்த்து வரைஞ்சா கிழக்கு இடது பக்கம். கோளை வரைஞ்சா வலது பக்கம். அவர் ஒருவேளை மாத்தி…”

“வாயைக் கழுவு! நாற்பது வருஷமா வரையறவர்!” என்று அதட்டினார் கணினிக்காரர்.

தலைவி அந்த உறையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“திட்டு வாங்கிட்டுக் கால்ல விழறதுக்கு, இப்பவே விழுந்துடலாம்.”

எழுதினார்: ‘ஐயா, இடம் வலம் மாறியது எங்கள் பிழை. தங்கள் படமே சரி. எங்கள் படத்தைத் திரும்பப் பெறுகிறோம்.’

மூவரும் கையொப்பமிட்டனர், புள்ளி கடைசியாக. தலைவி உறையை ஒட்டி நீட்டினார்.

“சீக்கிரம் சேர்த்துடுங்கண்ணே.”

“அரை மணியில அவர் கையில இருக்கும்மா.”

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. இனி என்ன பயம் என்று புள்ளி பெரியவரின் உறையைக் கிழித்தாள்.

‘கிழக்கை இடப்பக்கம் வைத்தது நான்தான். உங்கள் படமே சரி. தொலைநோக்கி நேரம் முழுவதும் உங்களுக்கே, நான் மிரட்டியும் படத்தை மாற்றாத அந்தத் துணிச்சலுக்காக.’