சேர்ந்த நாளின் குரல்

“புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்” என்றாள் மாமியார்.

அவன் காதில் மாட்டியிருந்த கருவிக்குள்ளிருந்து பேசும் பெண்குரலுக்குக் கிடங்கில் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர் அது. எவ்வளவு செய்தாலும் திருப்தி அடையாதவள்.

நகரத்துக் கடைகள் அத்தனைக்கும் சரக்கு அனுப்பும் பெரிய நிறுவனம் அது. எந்த வரிசை, எந்தத் தட்டு என்று அவள்தான் சொல்வாள். பெட்டியை எடுத்து வண்டியில் வைத்ததும் “எடுத்தாச்சு” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே அடுத்த தட்டைச் சொல்வாள். வாய்ப்பாடு ஒப்பிக்கும் வகுப்பறையைப் போல, நாள் முழுவதும் எல்லா வரிசைகளிலும் அந்த ஒரு சொல்லே கேட்டுக்கொண்டிருக்கும்.

கதைகளில் வரும் பூதத்துக்குச் சொல் சரியாக இருந்தால் போதும், குகை திறந்துவிடும். இந்தப் பூதத்துக்குக் குரலும் சரியாக இருக்க வேண்டும்.

வேலையில் சேரும் நாளன்று ஒவ்வொருவரையும் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, அவரவர் குரலை அவளுக்குப் பழக்கிவிடுவார்கள். பிறகு அந்தக் கருவியில் வேறு எந்தக் குரலுக்கும் அவள் செவிசாய்க்க மாட்டாள்.

“எடுத்தாச்சு” என்றான் மறுபடியும். சோப்புப் பெட்டி வண்டியில் ஏறி எவ்வளவோ நேரமாகிவிட்டது.

“புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்.”

தண்ணீர் குடித்தான். செருமினான். குரல் தேய்ந்து, உடைந்து, அவனுக்கே அந்நியமாக இருந்தது.

மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருந்தான். முகங்கூடக் கழுவவில்லை. விடுப்புக் கேட்டதற்கு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது.

எல்லாருடைய வேகத்தையும் வரிசைப்படுத்திக் காட்டும் சுவர்த் திரையில் அவன் எண் சிவப்பாகிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடிவரியைத் தொட்டால் கருவி தானே அணைந்துவிடும். அத்துடன் வேலையும் போகும். குரலைப் புதிதாகப் பதிவு செய்யலாம்தான். ஆனால், அப்படிப் பதிவு செய்பவனை நிறுவனம் புதிய ஆளாகவே எண்ணும். சிகிச்சைச் செலவுக்கு நிறுவனம் தந்த பழைய மருத்துவ அட்டை அந்தக் கணமே செல்லாததாகிவிடும்.

அந்த அட்டையின் பேரில்தான் அவன் மனைவி இன்னும் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தாள். அவளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த வரிசையிலிருந்து வானொலி எட்டிப் பார்த்தான். ஓயாத வாயால் வந்த பட்டப்பெயர். “என்னண்ணே, வீட்டு மாமியாரோட சண்டையா? அந்தக் கோபத்தை இந்த மாமியார்கிட்ட காட்டாதீங்க. பாவம், இவங்களுக்குக் காது மட்டும்தான் இருக்கு!”

அவன் தலையை மட்டும் ஆட்டினான். மிச்சமிருந்த குரலைச் செலவழிக்க அஞ்சினான்.

கண்களை மூடிக்கொண்டு, சேர்ந்த நாளை நினைத்தான். அன்று காலைதான் மனைவி சமையலறை வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தாள். கண்ணாடி அறையில் உட்கார்ந்த பிறகும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொஞ்சம் சாதாரணமாகப் பேசுங்கள் என்று பதிவு செய்தவர்கூடச் சொன்னார். முடியவில்லை.

மாமியார் அறிந்தது அந்தக் குரல் ஒன்றைத்தான்.

அதை இப்போது தேடினான். அடிவயிற்றில் எங்கோ கிடந்தது. உதடுகளை விரித்தான். கன்னங்களை மேலே தூக்கினான்.

“எடுத்தாச்சு!”

பாட்டுப் போல வந்தது.

“நன்றி. பன்னிரண்டாம் வரிசை, மேல்தட்டு” என்றாள் மாமியார்.

திரையில் எண் பச்சையானது.

வானொலி தன் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவந்து அவன் தோளில் தட்டினான். “அப்படிப் போடுங்க! குரலே சொல்லுதே! அண்ணிக்குக் குழந்தை பொறந்தாச்சா, அண்ணே?”

அவன் உதடுகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன.

“பொறந்துச்சுப்பா” என்றான். “அழல.”

“புரியவில்லை” என்றாள் மாமியார். “மீண்டும் சொல்லுங்கள்.”