ஒரு கீறல் கிடையாதுங்க

இருபது வருடம் லாரி ஓட்டித் தேய்ந்த சூசைமாணிக்கத்தின் இடுப்பு, அந்தக் குட்டிப் பந்தயக் காருக்குள் இறங்கும்போது ‘கடக்’ என்றது.

“மவனுக்குங்களாண்ணா?” என்றான் காரை விற்கும் அன்பழகன்.

“எனக்குத்தான் தம்பி. வாரம் பூரா லாரி, ஞாயித்துக்கெழம டிராக்ல இது. பத்து வருசம் சீட்டுக் கட்டுன காசு.”

அன்பழகன் சிரிப்பை மென்று விழுங்கினான். “எடை எழுநூறு கிலோதாங்க. பறக்கும்.”

“எங்கயாச்சும் இடிச்சிருக்குதா?”

“ஒரு கீறல் கிடையாதுங்க. திருச்செங்கோட்டுச் சாமி மேல சத்தியம்.”

“அவரு மலை மேலயே இருக்கட்டும். பத்து லட்சம் சொன்ன, ஆறுக்குத் தா.”

“ஏனுங்க, புதுசாட்டம் இருக்கற வண்டியப் போயி...”

“தம்பி, போன தை மாசம் டிராக் செவுத்துல நீ இதச் சாத்துனப்ப, அங்க டயர் எறக்க வந்த லாரிக்காரன் நாந்தான். நீ மயங்கிக் கெடந்த. கால்ல ரத்தம் நிக்கல. என் இடுப்புல இருந்த லுங்கியக் கிழிச்சு உனக்குக் கட்டுப் போட்டுட்டு, சங்ககிரி வரைக்கும் பட்டாபட்டி டவுசரோட ஓட்டியாந்தேன்.”

அன்பழகனின் கை தானாக முழங்காலைத் தடவியது. “ஆறே குடுங்கண்ணா.”

“காருக்கு ஆறு சரி. லுங்கி இன்னும் பாக்கி.”