அந்த ஒரே கோல்

கால்பந்துக் கோப்பைக் குலுக்கலில் மார்ல்பெக் அணியும் தார்ன்சி அணியும் மறுபடி மோதுவதாக வந்தது. ஆட்டத்தன்று விற்கும் புத்தகத்துக்குப் பழைய ஆட்டங்களின் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த மார்ல்பெக் அணியின் ஹேசல், தார்ன்சியின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குப் போன் செய்தாள்.

“சார், 1974ல உங்களை நாங்க ஜெயிச்ச அந்த ஒத்த கோல், எங்க ஆளு போட்டதுன்னு எங்க பதிவுல இருக்கு. அப்படியே எழுதிடறேன்.”

“கூடவே கூடாது கண்ணு! உங்காளு பந்தைத் தொடவே இல்ல. எங்க தடுப்பாட்டக்காரன் நெவில் பிரெண்டிஸ் தலையில பட்டு எங்க வலைக்குள்ளயே போச்சு. அவன் பேரைத்தான் போடணும்.”

“ஐம்பது வருஷமாச்சு சார். பாவம், அந்த மனுஷனை இன்னும் ஏன் சந்தி சிரிக்க வைக்கறீங்க?”

“பதினாறு வருஷம் ஆடியும் கோப்பையில நான் போட்ட ஒரே கோல் அதுதான். அதையும் பிடுங்கிக்காதே கண்ணு!”