அரைத் தாளம் முன்னால்

தங்கபுஷ்பம் அக்காவைச் சர்ச் கொயரிலிருந்து எப்படி நிறுத்துவது என்று ஜெயசீலன் மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

குரல் கரகரப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் ஹைதராபாத் போவன்பள்ளி மார்க்கெட்டில் கத்திப் பேசிக் காய் வாங்கி வந்து, குஷாய்குடாவில் கடை போட்டு விற்கிற பெண்மணி. தொண்டை அப்படித்தான் இருக்கும்.

தாளம்தான் பிரச்சினை. ஒவ்வொரு வரியையும் மற்றவர்களுக்கு அரைத் தாளம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார். முதல் இரண்டு வார்த்தை ஊருக்கே கேட்கும். மீதி முணுமுணுப்பு. அடுத்த வரி வந்ததும் மறுபடி முந்திக்கொள்வார்.

"அக்கா, கொஞ்சம் பொறுத்து வாங்க."

"சரி தம்பி."

மறுவாரமும் முந்துவார். ஐம்பத்தைந்து வயதில் எதற்கு இந்தப் பாட்டு ஆசை என்று ஜெயசீலனுக்குப் புரியவில்லை.

ஜெயசீலன் பக்கத்துத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பதினெட்டு வருடமாகத் தமிழ்ச் சபையின் கொயர் மாஸ்டர். பழைய ஆட்கள் ரிட்டையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது தங்கபுஷ்பத்தைத் தவிர எட்டுப் பேர். எட்டும் ஹைதராபாத்திலேயே பிறந்து படித்த பிள்ளைகள். முன்வரிசையில் தனிப்பாட்டு பாடுகிற கெசியா அவருடைய மகள்.

அவர் கொயரில் ஒரு சட்டம் உண்டு. தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடக்கூடாது. கையில் தமிழ்ப் புத்தகம்தான் இருக்க வேண்டும்.

"எங்க பிள்ளைங்க தமிழைப் பார்த்துப் பாடுவாங்க" என்று நாகர்கோவிலிலிருந்து யார் வந்தாலும் சொல்வார்.

அந்த மாதம் போதகர் நாலு ஞாயிறும் அழைப்பைப் பற்றியே பிரசங்கம் செய்தார். ஆண்டவர் தன்னை எதற்காகப் படைத்தார் என்று ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். நாலாவது ஞாயிறு ஜெயசீலனுக்கு வழி கிடைத்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்தார்.

"அக்கா, ஐயா பிரசங்கம் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் தம்பி."

"எல்லாரையும் ஆண்டவர் பாடறதுக்கு அழைக்கிறதில்லை."

"வாஸ்தவம்தான்."

"நான் ஜெபம் பண்ணிப் பார்த்தேன். உங்க அழைப்பு பாட்டு இல்லைன்னு தோணுது. பண்டிகைச் சாப்பாட்டுக்கு ஆள் இல்லாம கஷ்டப்படறாங்க, அங்கே..."

ஜெபம் பண்ணவில்லை. பண்ணலாம் என்று இருந்தார்.

"எனக்கும் பாட்டு வராதுன்னு தெரியும் தம்பி" என்றார் தங்கபுஷ்பம். "பண்டிகைக்கு என்ன பாட்டு?"

சொன்னார்.

"அஞ்சு சரணம் இருக்குமே அது" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அழுவார் என்று எதிர்பார்த்து இரண்டு ஆறுதல் வார்த்தை தயாராக வைத்திருந்தார் ஜெயசீலன். அவை வீணாயின.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. கோயில் நிறைந்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் தங்கபுஷ்பம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஜெயசீலனுக்கு நைட் ஷிஃப்ட்; பிராக்டிஸைப் பல்லவியோடு நிறுத்தியிருந்தார். பல்லவி நன்றாகப் போயிற்று. முதல் சரணத்தில் கெசியா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பின்னால் நின்ற ஏழு பேரும் புத்தகத்தை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்கள். அங்கேயிருந்தும் சத்தம் வரவில்லை.

ஐந்து சரணத்தையும் ஜெயசீலனும் கீபோர்டும் பாடி முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டார். "என்னம்மா, தொண்டை கட்டிடுச்சா?"

கெசியா ஷூவைக் கழற்றிக்கொண்டே தெலுங்கு கலந்து சொன்னாள். "தமிழ் படிக்க ராது டாடி."

"என்னது?"

"எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே ராது. தங்கபுஷ்பம் ஆன்ட்டி வார்த்தையை முன்னாடி சொல்வாங்க. கேட்டு நாங்க பாடுவோம்."

"புத்தகத்தைப் பார்த்துத்தானே பாடினீங்க?"

"பார்த்தோம்."

ஜெயசீலன் நாற்காலியில் உட்கார்ந்தார். "இங்கிலீஷ்ல எழுதி வச்சுக்கிட்டாவது..."

கேட்கும்போதே தன் சட்டம் ஞாபகம் வந்தது.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் சொல்லிக் கொடுத்திருப்பேனேம்மா."

"ஏழாவது படிக்கும்போதே கேட்டேன் டாடி. பிராக்டிஸ் இருக்கு, அப்புறம் பார்க்கலாம்னீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வரை அறைக்குள்ளேயே இருந்தார். பிறகு நடந்தே கடைக்குப் போனார். தங்கபுஷ்பம் கீரைக்கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. கோங்குராக் கீரை இளசா இருக்கு, தரட்டா?"

"வேண்டாம்க்கா." ஒரு தக்காளியை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். "கெசியா எல்லாம் சொன்னா. அடுத்த வாரத்திலேருந்து கொயருக்கு வந்துடுங்க."

"சாப்பாட்டு வேலையும் நல்லாத்தான் இருக்கு."

"இல்லக்கா. நான் மறுபடி ஜெபம் பண்ணினேன்."

இந்தத் தடவை அது நிஜம்.

"ஆண்டவர் உங்களைக் கொயருக்குத்தான் அழைச்சிருக்கார். எனக்குத்தான் அது தெரியாமப் போச்சு."

தங்கபுஷ்பம் ஒரு கோங்குராக் கட்டை உதறி அவர் கையில் கொடுத்தார்.

"ஆண்டவர் கூப்பிட்டாரா என்னன்னு எனக்குத் தெரியாது தம்பி. மூணு வருசத்துக்கு முன்ன ஒங்க மவ வந்து, 'பக்கத்துல நிக்கிறீங்களா ஆன்ட்டி'ன்னு கூப்பிட்டா. வந்தேன்."